கட்டில் கடையும் மலிவு சர்வரும்

நான் இறந்துபோன செய்தி எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

காலையில் கடையைத் திறந்து, முன்வரிசைச் சக்கர நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்பு எங்களிடம் கட்டில் எடுத்திருந்த பஸ் டிரைவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த பழப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீங்களா?"

"நான்தான். ஏன், நான் இருக்கக் கூடாதா?"

"அதில்லைங்க. போன்ல உங்க கடையைத் தேடினேன். 'நிரந்தரமாக மூடப்பட்டது'ன்னு வந்தது. உங்க வயசையும் உடம்பு வாகையும் யோசிச்சேன். சரி, முடிஞ்சது போலிருக்குன்னு நினைச்சேன். அம்மாவைப் பார்த்து நாலு வார்த்தை ஆறுதலா சொல்லிட்டுப் போகலாம்னு..."

பழம் எனக்கில்லை என்று புரிந்தது. அது என் விதவைக்கு.

உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "வந்ததை வாங்கி வைங்க. எப்படியும் ஒருநாள் குடுக்கப்போற பழம்தானே."

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நோயாளிகளுக்கான சாமான்களை வாடகைக்கு விடுகிறோம். ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஆக்சிஜன் மெஷின். கீழே கடை, மேலே வீடு. பக்கத்துக் கடை சவப்பெட்டிக் கடை. அதன் முதலாளியைத் தெருவே 'பெட்டியண்ணன்' என்று கூப்பிடும். எங்கள் இரண்டு கடைகளுக்கும் 'முன்னாடிக் கடை, பின்னாடிக் கடை' என்று பெயர். முன்னாடி என்னிடம் வருவார்கள், பின்னாடி அவரிடம் போவார்கள்.

ஆனால் கொஞ்ச நாளாக முன்னாடி யாரும் வரவில்லை. நேராகப் பின்னாடி போய்க்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குள் நோய் குறைந்துவிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து 'இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பப்படுகிறவர்கள் அப்படியேதான் இருந்தார்கள். அவர்கள் வீட்டு மனிதர்கள்தான் மாறிவிட்டார்கள். தெருவில் இறங்கி விசாரிப்பதில்லை. போனில் தேடுகிறார்கள். போனில் நான் மூடப்பட்டவன். என் கட்டில்கள் எல்லாம் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டு, நின்றுகொண்டே தூங்கின.

"இப்படியே போனா போன்ல போட்டிருக்கறது நிஜமாயிடும்" என்றாள் மனைவி. "நமக்குன்னு ஒரு வெப்சைட் வேணும்."

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

இந்த மூன்று வார்த்தையை நான் சொன்ன போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கிறது. அது தெரிந்துதான் அவள் உடனே தன் தங்கைக்குப் போன் போட்டாள். என் கொழுந்தியாள் ஒரு கம்பெனியில் இந்த வேலைதான் பார்க்கிறாள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"அத்தான், ரொம்ப சிம்பிள். வெப்சைட்ங்கறது உங்க கடை மாதிரி. அதை வைக்க ஒரு இடம் வேணும். அந்த இடத்தை வாடகைக்குக் குடுக்கறதுதான் ஹோஸ்டிங். எப்பவும் விழிச்சிருக்கற ஒரு சர்வர்ல உங்க பக்கத்தை வெச்சிருப்பாங்க."

"சர்வர்னா இட்லி கொண்டுவந்து வைக்கிறவர்தானே?"

"ஆமா. கேட்டவங்களுக்குப் பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கும். ரொம்ப மலிவான இடத்துல ஒரே சர்வர் ஆயிரம் மேஜையைப் பார்க்கும். நீங்க கூப்பிட்டா வராது. அதனால மூணு விஷயம் கேளுங்க. முதல் வருஷ விலையைப் பார்க்காதீங்க, ரெண்டாம் வருஷம் என்ன விலைன்னு கேளுங்க. உங்க பக்கத்துக்குத் தினமும் ஒரு காப்பி, அதான் நகல், எடுத்து வைப்பாங்களான்னு கேளுங்க. ஏதாவது ஆச்சுன்னா போனை எடுக்க மனுஷன் இருப்பாங்களான்னு கேளுங்க. வெப்சைட் முகவரியா வர்ற கடைப் பேரை மட்டும் உங்க பேர்ல பதிவு பண்ணிக்கோங்க. பெரிய விலை ஒண்ணுமில்லை அத்தான். நடுத்தரமா நல்லதே கிடைக்கும். நான் ஒண்ணு சொல்றேன்..."

"நடுத்தரம்" என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதில் அவளுக்கு ஏதோ கமிஷன் இருக்கிறது. ஸ்பீக்கரை அணைத்தேன்.

"ஏன் அணைச்சீங்க?"

"சிக்னல் போயிடுச்சு."

"சிக்னல் விரலாலயா போகும்?"

அன்று மத்தியானமே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, உலகத்திலேயே மிக மலிவான ஹோஸ்டிங்கைக் கண்டுபிடித்தேன். அதைவிட மலிவானதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் அது இலவசம்.

"ஹோஸ்டிங் ஹோஸ்டிங்னு பயமுறுத்தினாளே உன் தங்கச்சி! இங்க பாரு, ஓசிட்டிங்!"

மனைவி சிரிக்கவில்லை. "நீங்க கட்டில் வாடகைக்கு விடறவர். ஒருத்தன் வந்து 'ஓசியில கட்டில் தர்றேன், ஆயுசுக்கும் வெச்சுக்கோ'ன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"என்ன கேப்பீங்க?"

"உனக்கு இதுல என்ன லாபம்னு கேப்பேன்."

"அதை அவன்கிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பதில் தானாக வந்தது.

ஒரு வாரம் கண் எரிய உட்கார்ந்து பக்கத்தை உருவாக்கினேன். கடைப் பெயர், முகவரி, போன் நம்பர், கட்டிலின் படம். படத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் புன்னகையோடு நின்றேன். பக்கத்தின் முகவரி மட்டும் கொஞ்சம் நீளம். முதலில் ஓசி கொடுத்தவன் பெயர், அப்புறம் ஒரு கோடு, அப்புறம் எண்கள், கடைசியில் நான். யாரிடமாவது போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நோயாளிக்கே குணமாகிவிடும்.

முதல் அழைப்பு வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். குரல் நடுங்கியது. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்குக் கட்டில் கேட்கிறார் என்று பேனாவை எடுத்தேன்.

"யோவ், உனக்கு மனசாட்சி இருக்கா?"

"என்ன சைஸ் வேணும்?"

"என் அப்பா பக்கத்துல உட்கார்ந்திருக்கார். அவர்கிட்ட போனைக் காட்டி, 'இந்தக் கட்டில் எடுக்கலாமாப்பா'ன்னு கேட்டேன். அதுல என்ன போட்டிருக்குன்னு நீயே பாரு!"

பார்த்தேன். என் புன்னகைக்கு நேர் மேலே, பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு விளம்பரம் மின்னியது. மெருகேற்றிய தேக்குப் பெட்டி. பித்தளைக் கைப்பிடி. 'உங்கள் அன்புக்குரியவரின் கடைசிப் படுக்கை. இன்றே முன்பதிவு செய்தால் தள்ளுபடி.' அதற்குக் கீழே, அதன் தொடர்ச்சி போலவே, நான் எழுதிய வரி: 'வீட்டுக்கே வந்து இறக்கிவைப்போம்.'

ஓசிக்காரனுடைய லாபம் அதுதான். என் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் விளம்பரம் போடலாம், என்னைத் தவிர.

சாயங்காலம் பெட்டியண்ணன் கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, எங்கேயோ காசு கட்டி ஒரு விளம்பரம் போட்டேன். அது உன் பக்கத்துலதான் வருதாமே! ரெண்டு பேர் கூப்பிட்டுட்டாங்க. நீ பெரிய மனசுக்காரன்!"

மனைவி காற்று மெத்தைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அண்ணே, அவர் எப்பவும் அப்படித்தான். தனக்குன்னு ஒண்ணும் வெச்சுக்க மாட்டார்."

ஓசியை மூடினேன். கொழுந்தியாளைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒருமுறை அணைத்த ஸ்பீக்கரை மறுபடி போட மானம் இடம் கொடுக்கவில்லை. ஓசிக்கு அடுத்த படி எதுவோ அதில் ஏறினேன். விளம்பரம் கிடையாது. முதல் வருஷத்துக்கு ஒரு டீ விலை. 'அளவற்ற இடம், அளவற்ற வேகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே எறும்பு எழுத்தில் என்னவோ இருந்தது. எறும்பை யார் படிக்கிறார்கள்?

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, டீக்கு மட்டும்தான் அந்த விலை. டம்ளருக்குத் தனி. பக்கம் பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுச் சின்னம் வேண்டுமானால் அதற்கு ஒரு தொகை, மெயில் பெட்டிக்கு ஒரு தொகை, 'முன்னுரிமை உதவி' என்று ஒன்று, அதற்கு ஒரு தொகை. ஒவ்வொன்றையும் மனைவிக்குத் தெரியாமல் வாங்கினேன். 'தினசரிக் காப்பி' என்று ஒன்று இருந்தது. அதை மட்டும் வேண்டாம் என்று விட்டேன். எங்கேயாவது சிக்கனமாக இருக்க வேண்டுமே.

"எப்படிப் போகுது?" என்று கேட்டாள்.

"பிரமாதம். அளவற்ற வேகம்."

"போன் ஒண்ணும் வரலையே?"

"ஜனங்க ஆரோக்கியமா இருக்காங்க போல."

"பெட்டியண்ணன் இன்னைக்கு மூணு பெட்டி அனுப்பினாரே?"

நான் சக்கர நாற்காலியைத் துடைக்கப் போனேன்.

இனிமேல் சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு முற்பகல். பக்கத்துக் கடைக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கோர்ட்டு வாசலில் மனு தட்டச்சு செய்து கொடுக்கிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. பல தடவை அவரை அங்கே பார்த்திருக்கிறேன். பெட்டியண்ணனிடம் அளவு சொன்னார். வீட்டுக்காரர் உயரம். அகலம் அதிகம் தேவையில்லை, இளைத்துவிட்டார் என்றார். திரும்பும்போது எங்கள் கடைப் பக்கம் பார்வை வந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

படியேறி உள்ளே வந்தார். சுவரோரம் நின்ற கட்டில்களையும், நடுவில் விரித்துப் போட்டிருந்த ஒரே ஒரு கட்டிலையும் பார்த்தார்.

"இந்தக் கடை திறந்துதான் இருக்கா?"

"ஆமாம்மா" என்றாள் என் மனைவி.

"ஆஸ்பத்திரி நர்ஸம்மா உங்க பேரை எழுதிக் குடுத்தாங்க. போன்ல போட்டுப் பார்த்தேன். பக்கமே வரலை. வெள்ளையா நின்னுது. மறுநாளும் பார்த்தேன், 'இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'ன்னு வந்தது. சரி, கடை போயிடுச்சுன்னு நினைச்சேன். பெரிய கம்பெனியில கேட்டேன், ஒரு வாரம் ஆகும்னாங்க."

என் மனைவி ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தாள். அவர் உட்காரவில்லை.

"அவருக்கு நுரையீரல்ல நீர். படுத்தா மூச்சு முட்டும். உட்கார்த்தி வெச்சாத்தான் விடுவார். தலையணையை அடுக்கிப் பார்த்தேன், சரிஞ்சு போச்சு. அப்புறம் நானே அவர் முதுகுக்குப் பின்னாடி என் முதுகைக் குடுத்து உட்கார்ந்துட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலேயே கிடந்தோம். எப்பப் போனார்னுகூடத் தெரியலை. கனம் மட்டும் கூடின மாதிரி இருந்தது."

கட்டிலின் கால்மாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. அதைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார்.

என் மனைவி, "சுத்துங்க" என்றாள்.

அவர் குனிந்து சுற்றினார். தலைப்பக்கம் மெல்ல எழும்பியது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் முதுகைத் தாங்குகிற உயரத்தில் வந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுலபமா?"

அவர் எங்களைத் திட்டவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. கைப்பிடியைத் திரும்பச் சுற்றிக் கட்டிலைப் பழையபடி தாழ்த்தி வைத்துவிட்டுப் போனார். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கூடவே போனாள். அன்று முழுக்க அவள் திரும்பி வரவில்லை. வந்த பிறகும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

நான் ஹோஸ்டிங்காரனைப் பிடித்தேன். அதாவது பிடிக்கப் பார்த்தேன். போன் நம்பர் கிடையாது. திரையோரம் ஒரு சின்னக் கட்டம், அதில் எழுதித் தட்டினால் பதில் வரும்.

'வணக்கம்! உங்கள் பொறுமைக்கு நன்றி.'

நான் இன்னும் பொறுமையாக இருக்கவே ஆரம்பிக்கவில்லை. 'என் பக்கம் ஏன் வரவில்லை?' என்று தட்டினேன்.

'உங்கள் பக்கத்தை அதிகமானோர் பார்க்க முயன்றதால் நிறுத்தி வைக்கப்பட்டது.'

'எத்தனை பேர்?'

'பதினொரு பேர்.'

'அளவற்றது என்றீர்களே?'

'அளவற்றது என்பதன் அளவை விதிமுறைகளில் காண்க.'

'நான் முன்னுரிமை உதவிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். மனிதர் யாராவது இருக்கிறார்களா?'

'முன்னுரிமையோடு சொல்கிறோம். இல்லை.'

பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள், வேறு இடத்துக்குப் போகிறேன் என்றேன். காப்பி இல்லை, அழிந்துவிட்டது என்றது. கடைப் பெயரையாவது கொடுங்கள் என்றேன். அந்தப் பெயர் அவர்கள் பேரில் பதிவாகியிருக்கிறது என்றது. என் அப்பா எனக்கு வைத்த பெயரைத்தான் கடைக்கு வைத்திருந்தேன். அதை நான் டீ விலைக்கு யாரிடமோ கொடுத்திருக்கிறேன்.

இதை மனைவியிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அங்கேயே அதே பக்கத்தை மறுபடி முதலிலிருந்து செய்தேன். அது ஒரு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் வராது. ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு இழுக்கிறவர்கள் மாதிரி. அடிக்கடி போனை எடுத்து, இருக்கிறதா என்று நாடி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

போன் வர ஆரம்பித்தது. என் போன் இல்லை, மனைவியின் போன். ஒரு நாள் ஒரு கட்டில் போனது. அந்த வாரமே இரண்டு சக்கர நாற்காலி, ஒரு ஆக்சிஜன் மெஷின். சுவரோரம் நின்று தூங்கிய கட்டில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காலையில் மனைவி முகவரியைச் சொல்வாள், நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். மூன்றாம் மாடி, நான்காம் மாடி. லிப்ட் இல்லாத வீடுகளில்தான் மனிதர்கள் அதிகம் படுக்கையில் விழுகிறார்கள். ஒருமுனையை நானும் மறுமுனையை வண்டிக்காரரும் பிடித்து, படி திருப்பங்களில் கட்டிலைச் செங்குத்தாக நிமிர்த்தி, வியர்வை கண்ணில் இறங்க ஏற்றினோம்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தரையில் இருந்த நேரமே குறைவு என்பது வேறு விஷயம்.

"பார்த்தியா?" என்றேன் மனைவியிடம். "கொஞ்சம் பொறுமை வேணும். என் பக்கம் சூடு பிடிச்சிடுச்சு."

"ம்."

"உன் தங்கச்சி சொன்ன இடத்துல போட்டிருந்தா எவ்வளவு அழுதிருக்கணும்!"

"ம்."

"ஆனா எல்லாரும் ஏன் உன் நம்பருக்கே கூப்பிடறாங்க?"

"பொம்பளை குரல்னா நோயாளி வீட்டுக்காரங்களுக்கு ஒரு தைரியம். நீங்க நாளைக்கு வைக்கவேண்டிய கட்டிலுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

போட்டேன். நான் பெட்டியண்ணனிடமும் போய்ப் பெருமை அடித்தேன். மலிவு என்றால் மட்டம் என்பது மூடநம்பிக்கை என்று விளக்கினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் எங்கள் கடைப் பக்கம் திரும்பி, என் மனைவி நிற்பதைப் பார்த்துவிட்டு, மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போகிற வீடுகளிலும் ஒன்று விசித்திரமாக இருந்தது. "நீங்கதான் அந்தம்மா அனுப்பின ஆளா?" என்று கேட்டார்கள். நான் முதலாளி என்று சொன்னேன். "சரிங்க, அந்த ஓரமா வைங்க" என்றார்கள்.

வருஷம் முடிகிற சமயத்தில் ஹோஸ்டிங்காரனிடமிருந்து மெயில் வந்தது. அடுத்த வருஷத்துக்கான வாடகை. படித்துவிட்டு விரித்துப் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடையையே விலை பேசியிருந்தான். கட்டாவிட்டால் பக்கமும் போகும், பெயரும் போகும்.

கட்டத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். இவ்வளவு வியாபாரம் தருகிற பக்கத்தை விட முடியுமா? கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"இங்க பாரு, ஒரு செலவு இருக்கு. கொஞ்சம் பெரிசு. ஆனா நம்ம பக்கம் கொண்டுவந்து குடுத்த வியாபாரத்தைப் பார்த்தா இது ஒண்ணுமேயில்லை. தொழில்ல போட்டாத்தான் எடுக்க முடியும்."

அவள் மெயிலைப் படித்தாள். "கட்ட வேணாம். விட்டுருங்க."

"விட்டா கடை?"

"கடைக்கு என்ன? கடை நல்லாத்தான் இருக்கு."

"பக்கம் இல்லாம எப்படிம்மா ஜனங்க..."

அவள் தன் போனை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, என் கையில் கொடுத்தாள். பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்துகொண்டது. என் பக்கம் இல்லை. வேறு பெயர், வேறு படம். ஜன்னலோரம் ஒரு கட்டில், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்தது. மேலே என் புன்னகை இல்லை. எழுத்துக்கள் பெரிதாக, கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி இருந்தன. எந்த நோய்க்கு எந்தக் கட்டில், மூச்சு முட்டினால் எவ்வளவு உயர்த்த வேண்டும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்போம். கீழே என் மனைவியின் நம்பர்.

"இது எப்ப?"

"அந்தம்மா வந்துட்டுப் போனாங்களே, அதுக்கு அடுத்த வாரம். என் தங்கச்சி இடம் பார்த்துக் குடுத்தா. எழுதினது எல்லாம் அந்தம்மாதான். காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டுல சும்மா உட்கார முடியலைன்னு, நானே தட்டித் தர்றேன்னாங்க. இப்ப சாயங்காலத்துல என் நம்பருக்கு வர்றதை அவங்க போனுக்குத் திருப்பி விட்டுடறேன், எடுக்கறதும் அவங்கதான்."

அந்த அம்மாவிடம் நான் போய்ச் சொல்ல நினைத்த எதையும் இதுவரை சொன்னதில்லை. அவர் எழுதிய பக்கத்தைத்தான் இவ்வளவு நாளும் மாடி மாடியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப என் பக்கத்தைப் பார்த்து வந்தவங்க?"

"யாரும் வரலைங்க. நீங்கதான் அடிக்கடி போய்ப் பார்த்துட்டு வந்தீங்க. அவன்கிட்ட நீங்க தட்டினதை நானும் பார்த்தேன். அந்தப் பதினொரு பேர்ல பத்துப் பேரும் நீங்களாத்தான் இருக்கும்."

மிச்சமிருந்த அந்த ஒருவர் யார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்று கடைசியில் கேட்டேன்.

"நீங்க எனக்குத் தெரியாம வாங்கின பூட்டு, பெட்டி, உதவி எல்லாத்தையும் கூட்டினா வர்றதைவிடக் குறைவு."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருப்பேன். சொன்னா அதைவிட மலிவா ஒண்ணைக் கண்டுபிடிச்சிருப்பீங்க."

பேச்சை மாற்றுவதற்காகப் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். அடியில் வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகள் இருந்தன. 'நேரத்துக்கு வந்தது', 'அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்', 'கடைசி மூன்று நாள் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நன்றி.' படிக்கப் படிக்க மனம் ஒருவாறு ஆறியது. சுமந்தது நான்தானே.

கடைசிக் கருத்து நாலாம் மாடி வீட்டு அம்மாள் எழுதியது. 'கட்டில் அருமை. ஆனால் கொண்டுவந்த பெரியவர் படியேறி முடித்ததும் அந்தக் கட்டிலிலேயே படுத்துவிட்டார். எங்கள் மாமனாரை அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தோம். தயவுசெய்து அடுத்த முறை வேறு ஆளை அனுப்பவும்.'

அதற்குக் கீழே நிர்வாகத்தின் பதில் இருந்தது. நிர்வாகம் என்றால் என் மனைவி.

'சிரமத்துக்கு வருந்துகிறோம். இதே புகாரோடு நாங்களும் பல வருடங்களாக இருக்கிறோம். மாற்றித் தரும் வசதி இல்லை.'